புரதச் சுத்திகரிப்புக்கு எந்தச் சவ்வு? ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆய்வகத்துக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்ய வருகிறவர்களும் புதிதாகச் சேரும் பிஎச்.டி. மாணவர்களும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். குளிர் அறை வாசலில் நின்று சொன்ன பதில்களை இங்கே வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: புரதம் கையில் பத்திரமாக இருக்கிறது என்று அளந்து பார்க்கும்வரை, சவ்வு வழியே வடிந்த திரவத்தைக் கீழே கொட்டாதீர்கள்.

அக்கா, ஒண்ணுல 0.22-ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 10கே-ன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஃபில்டர்தானே?

இரண்டும் ஃபில்டர்தான், வேலை வேறு. 0.22 என்பது மைக்ரான் கணக்கில் துளையின் அளவு. பாக்டீரியா, செல் துணுக்கு, கண்ணுக்குத் தெரிகிற வீழ்படிவு போன்றவற்றை அது பிடிக்கும். கரைந்திருக்கும் புரதத்தை விட்டுவிடும். பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதம்) மூலக்கூறின் விட்டம் ஏறக்குறைய 7 நானோமீட்டர். 0.22 மைக்ரான் என்றால் 220 நானோமீட்டர். முப்பது மடங்கு பெரிய வாசல் அது. இதற்கு மைக்ரோஃபில்ட்ரேஷன் என்று பெயர்.

10கே என்பது 10 கிலோடால்டன், அதாவது மூலக்கூறின் எடைக் கணக்கு; இந்த எண்ணைத்தான் கட்-ஆஃப் என்போம். இது அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு. இங்கே புரதம் மேலே நிற்கும். தண்ணீர், உப்பு, இமிடசோல் (புரதத்தைப் பிரித்தெடுக்கச் சேர்க்கும் சிறிய வேதிப்பொருள்) எல்லாம் கீழே போகும். முதல் வகையில் உங்களுக்கு வேண்டியது கீழே வரும், இரண்டாம் வகையில் மேலே தங்கும். எதைக் குப்பையில் போடுகிறோம் என்பது இதில் தலைகீழாக மாறுவதால்தான் முதல் மாதத்தில் பலருக்கும் புரதம் தொலைகிறது.

0.45 எப்போ, 0.22 எப்போ?

காலத்தில் (column எனும் பிரிப்புக் குழாயில்) ஏற்றப்போகும் லைசேட்டுக்கு, அதாவது செல்லை உடைத்த கரைசலுக்கு, 0.45 போதும். பஃபர்களுக்கு 0.22 போடுங்கள், கிருமி வளராது, காலத்தின் தலையும் அடைக்காது. செல் வளர்ப்பில் சேர்க்கப்போகும் புரதம் என்றால் 0.22 கட்டாயம். ஸ்டெரைல் தரம் என்று விற்கப்படும் 0.2 வகைச் சவ்வுகளை ப்ரெவுண்டிமோனாஸ் டிமினூட்டா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவை வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி பாக்டீரியா ஏற்றினாலும் ஒன்றுகூட மறுபக்கம் வரக்கூடாது. மைக்கோபிளாஸ்மா பயம் இருந்தால் 0.1-க்குப் போக வேண்டும்.

ஜெல் ஃபில்ட்ரேஷன் காலத்துக்கான அரை மில்லி மாதிரியைப் பலர் பழக்கத்தில் 25 மில்லிமீட்டர் சிரிஞ்ச் ஃபில்டரில் விடுகிறார்கள். அந்த ஃபில்டர் தனக்குள்ளேயே ஏறத்தாழ 0.1 மில்லியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். இவ்வளவு குறைந்த அளவுக்கு ஃபில்டரே வேண்டாம். மைக்ரோஃபியூஜில் முழு வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, மேலே இருப்பதை மெதுவாக எடுத்துக்கொண்டால் போதும்.

லைசேட்டை சிரிஞ்ச் ஃபில்டர்ல விட்டா ரெண்டு மில்லியிலேயே அடைச்சிக்குது. ஃபில்டர் மட்டமா?

ஃபில்டரைத் திட்டாதீர்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி டி.என்.ஏ. செல்லை உடைத்ததும் வெளியே வரும் குரோமோசோம் டி.என்.ஏ. லைசேட்டைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். பைப்பெட்டில் எடுத்துச் சொட்ட விடுங்கள். நூல் போல இழுத்தால் அது ஃபில்டருக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். டி.என்.ஏ.-வை வெட்டும் நொதியான டி.என்.ஏஸ் சேர்த்து, கூடவே சில மில்லிமோலார் மக்னீசியமும் இருக்கிறதா பாருங்கள். பஃபரில் இ.டி.டி.ஏ. தாராளமாக இருந்தால் அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், டி.என்.ஏஸ் சும்மா இருக்கும். சோனிகேஷனை இன்னும் கொஞ்சம் செய்வதும் உதவும். பனிக்கட்டியில், விட்டு விட்டு.

பிறகு 15,000 முதல் 20,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வரை அரை மணி நேரம் சுற்றுங்கள். மேலே மிதக்கும் கொழுப்புப் படலத்தைத் தொடாமல் நடுவில் இருந்து எடுங்கள். அதன் பிறகும் அடைத்தால் கண்ணாடி இழை முன்வடிகட்டி வைத்த ஃபில்டரை எடுங்கள், அல்லது முதலில் 0.45, பிறகு 0.22 என்று இரண்டு படியாகப் போங்கள். எதிர்க்கிறது என்று சின்ன சிரிஞ்சை மாற்றி அழுத்துவதுதான் ஆபத்து. சிரிஞ்ச் சிறியதாக ஆக, அதே கைப்பலம் அதிக அழுத்தமாக மாறும். சவ்வு கிழிந்தால் சட்டென்று லேசாகப் போகும். ஆள் வேலை முடிந்தது என்று சந்தோஷப்படுவார்.

30கே சவ்வுன்னா 30-க்கு மேல எல்லாம் நிக்கும், கீழ எல்லாம் போயிடும். சரிதானே?

இல்லை. அது அவ்வளவு கூர்மையான கோடு கிடையாது. கட்-ஆஃப் எண்ணைப் பொதுவாக இப்படி நிர்ணயிக்கிறார்கள்: அந்த எடையுள்ள உருண்டையான மூலக்கூறில் சுமார் 90 சதவீதத்தைச் சவ்வு நிறுத்த வேண்டும். அதாவது எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் புரதம்கூடப் பத்தில் ஒரு பங்கு கசியலாம். சவ்வின் துளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை; சிறியதும் பெரியதுமாகக் கலந்திருக்கும். எந்த மூலக்கூறை வைத்துச் சோதித்தார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே ஒருவருடைய 30-ம் இன்னொருவருடைய 30-ம் அப்படியே ஒன்றல்ல.

வடிவமும் முக்கியம். உருண்டையாக மடிந்த புரதம் எண்ணுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். நீளமான, வளையக்கூடிய சங்கிலி மூலக்கூறு அதே எடையில் இருந்தாலும் அழுத்தத்தில் நீளவாட்டில் நுழைந்து வெளியேறிவிடக்கூடும். சரியாக மடியாத புரதம் வைத்திருப்பவர்கள் அட்டவணையை நம்பாமல் முதல் முறை வடிந்ததை ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்.

என் புரதம் 27 கிலோடால்டன். 30-க்குக் கிட்டத்தட்ட சமம்தானே, 30 எடுத்துக்கலாமா?

வேண்டாம், 10 எடுங்கள். புரதத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் கட்-ஆஃப் இருக்கட்டும் என்பதுதான் பொது வழக்கம். ஜி.எஃப்.பி. 27 கிலோடால்டன், அதற்கு 10. பி.எஸ்.ஏ. 66, அதற்கு 30. ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி 150, அதற்கு 50. லைசோசைம் 14.3 மட்டுமே, ஆகவே 3 அல்லது 5.

"பயமாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் 3கே வாங்கி வைத்துவிடுகிறேன்" என்பவர்களும் உண்டு. 3கே சவ்வில் திரவம் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். 15 மில்லியைக் குறுக்க மணிக்கணக்கில் சுற்ற வேண்டிவரும், அவ்வளவு நேரமும் புரதம் சவ்வை உரசிக்கொண்டு இருக்கும். தவிர, சிறிய பெப்டைடு துண்டுகளும் உங்கள் புரதத்தோடு மேலேயே தங்கிவிடும். விதிக்கு உட்பட்டு எவ்வளவு பெரிய கட்-ஆஃப் முடியுமோ அதை எடுப்பதே நல்லது. ஒரே ஒரு வகைதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நான் 10-ஐ வாங்குவேன்.

ஜெல்லில 26-ல பேண்ட் வருது, ஆனா டைமர்னு சொல்றாங்க. எதை வெச்சு கணக்குப் போடணும்?

எஸ்.டி.எஸ். ஜெல் புரதத்தைப் பிரித்துப் போட்டு ஒற்றைச் சங்கிலியின் எடையைக் காட்டுகிறது. சவ்வு பார்ப்பது கரைசலில் இருக்கும் முழு உருவத்தை. ஜி.எஸ்.டி. இதற்கு நல்ல உதாரணம்: ஜெல்லில் 26, கரைசலில் டைமராக (இரண்டு சங்கிலி சேர்ந்து) 52. இன்சுலின் இன்னும் வேடிக்கை. தனியாக 5.8 கிலோடால்டன், துத்தநாகத்தோடு சேர்ந்தால் ஆறு ஆறாகக் கூடி சுமார் 35 ஆகிவிடும்.

அதற்காக டைமர் எடையை வைத்துத் துணிந்து பெரிய கட்-ஆஃப் எடுக்காதீர்கள். சில டைமர்கள் கரைசல் நீர்த்துப்போனால் பிரிந்துவிடும், உப்பை மாற்றினாலும் பிரியும். டைமர் இறுக்கமானது என்று உங்களுக்கே தரவு இருந்தால் தவிர, ஒற்றைச் சங்கிலியின் எடையை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

பி.இ.எஸ்., பி.வி.டி.எஃப்., செல்லுலோஸ், நைலான்... விலைப்பட்டியல் பாத்தாலே தலை சுத்துது. எதை வாங்குறது?

புரதம் ஒட்டாதவை, ஒட்டுபவை என்று முதலில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பி.இ.எஸ். எனப்படும் பாலிஈதர்சல்ஃபோன், நீர் விரும்பும் பி.வி.டி.எஃப்., செல்லுலோஸ் அசிடேட், மறுஉருவாக்க செல்லுலோஸ் ஆகியவை குறைவாக ஒட்டுபவை. நைட்ரோசெல்லுலோஸும் நைலானும் புரதத்தை இழுத்துப் பிடிப்பவை. சுத்திகரிப்பு வேலைக்கு அவற்றை எடுக்கவே கூடாது. நைட்ரோசெல்லுலோஸை வெஸ்டர்ன் பிளாட்டுக்கு வைத்திருப்பதே அது புரதத்தை விடாது என்பதால்தான்.

பி.வி.டி.எஃப். என்ற பெயரில் ஒரு பொறி இருக்கிறது. பிளாட்டுக்கு மெத்தனாலில் நனைத்துப் பயன்படுத்துகிறோமே, அது நீரை வெறுக்கும் வகை. புரதத்தை நன்றாகப் பிடிக்கும். சிரிஞ்ச் ஃபில்டரில் வருவது மேற்பரப்பை மாற்றி நீர் விரும்பும்படி செய்தது. உறையில் நீர் விரும்பும் வகை என்றோ குறைந்த புரதப் பிணைப்பு என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மீதி இருப்பவற்றில் என் தேர்வு இது: பஃபருக்கும் லைசேட்டுக்கும் பி.இ.எஸ்., வேகமாகப் போகும், காரத்தையும் அமிலத்தையும் தாங்கும். குறைந்த அளவு புரதத்தைக் குறுக்க மறுஉருவாக்க செல்லுலோஸ். செல்லுலோஸ் அசிடேட் ஒட்டாமல் இருப்பதில் கெட்டி, ஆனால் பி.எச். 4 முதல் 8 வரைதான் அதற்குத் தோது. லைசோசைம் மாதிரி நேர்மின்னேற்றம் அதிகமுள்ள புரதம் பி.இ.எஸ்.-ஸில் கூடுதலாக ஒட்டும் வாய்ப்பு உண்டு. அதற்கும் செல்லுலோஸே பாதுகாப்பு.

குறுக்கி முடிச்சதும் பாதி புரதத்தைக் காணோம். கட்-ஆஃப் எல்லாம் சரியாத்தான் எடுத்தேன். எங்க போச்சு?

மூன்று இடங்களில் தேடுங்கள். முதலில் வடிந்த திரவம். அதனால்தான் ஆரம்பத்திலேயே கொட்டாதே என்றேன். அதில் 280 நானோமீட்டரில் அளவு வந்தால் உடனே பதற வேண்டாம். இமிடசோலும் அங்கே ஒளியை உறிஞ்சும். அதே பஃபரை பிளாங்காக வைத்து அளங்கள், ஜெல்லிலும் ஒரு கிணற்றில் ஏற்றுங்கள். புதிய செல்லுலோஸ் சவ்வுகள் காய்ந்துபோகாமல் இருக்கக் கிளிசரின் தடவி வருகின்றன. முதலில் பஃபரை ஊற்றி ஒருமுறை சுற்றிக் கழுவிவிடுங்கள். கழுவிய சவ்வைக் காயவிடாதீர்கள்.

இரண்டாவது இடம் சவ்வின் மேற்பரப்பும் குழாயின் பிளாஸ்டிக்கும். உங்களிடம் 20 மில்லிகிராம் இருந்தால் சவ்வில் ஒட்டும் சில மைக்ரோகிராம் கணக்கிலேயே வராது. மொத்தமே 20 மைக்ரோகிராம் என்றால் அது பெரிய அடி. குறைந்த அளவுக்குச் சிறிய பரப்புள்ள கருவியை எடுங்கள்: அமிக்கான் வகையில் 15 மில்லிக் குழாயின் சவ்வு 7.6 சதுர சென்டிமீட்டர், அரை மில்லிக் குழாயில் 1 சதுர சென்டிமீட்டர். குறுக்கி எடுத்த பிறகு 100, 200 மைக்ரோலிட்டர் பஃபரைச் சவ்வின் மேல் மெதுவாக விட்டு அலசி எடுத்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். சவ்வை முன்கூட்டியே பி.எஸ்.ஏ.-யிலோ ட்வீனிலோ ஊறவைத்து ஒட்டும் இடங்களை மூடிவிடலாம் என்பார்கள். வேலை செய்யும். ஆனால் அந்த பி.எஸ்.ஏ. உங்கள் மாதிரியிலும் எட்டிப்பார்க்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, புரதம் திரண்டு வீழ்ந்திருக்கும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கலங்கலாக இருந்தால் இதுதான். பஃபரின் பி.எச். புரதத்தின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளிக்கு (மொத்த மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச்.) அருகில் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். குறைந்தது ஒரு அலகாவது தள்ளி இருக்கட்டும். உப்பை 150-இலிருந்து 300 மில்லிமோலாருக்கு உயர்த்துவது, 5 முதல் 10 சதவீதம் கிளிசரால் சேர்ப்பது, அர்ஜினினும் குளுடாமேட்டும் தலா 50 மில்லிமோலார் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக முயலலாம்.

ஒரு மணி நேரமா சுத்துது, 2 மில்லிக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. வேகத்தைக் கூட்டட்டுமா?

கூட்டாதீர்கள். தண்ணீர் கீழே இறங்க இறங்க, சவ்வை ஒட்டினாற்போல் புரதம் அடர்ந்த ஒரு படலமாகச் சேர்கிறது. கஞ்சி ஆறும்போது மேலே ஆடை கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அது சவ்வின் மேல் கட்டுகிறது. வேகத்தைக் கூட்டினால் அந்தப் படலம் இன்னும் இறுகும், ஓட்டம் கூடாது. குழாயில் சராசரிச் செறிவு 5 மில்லிகிராம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது சவ்வின் அருகில் அது பல மடங்காக இருக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன வீழ்படிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பைப்பெட்டால் சவ்வைத் தொடாமல், நுரை வராமல் கலக்கிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். 15 மில்லிக் குழாய்க்கு ஸ்விங் பக்கெட் ரோட்டரில் 4,000 ஜி-தான் வழக்கமான உச்சம். நிமிடச் சுற்று வேறு, ஜி வேறு என்பதை மறக்காதீர்கள்; ரோட்டரின் ஆரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

வெப்பநிலையும் கிளிசராலும் சேர்ந்து ஏமாற்றும். 4 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரியில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், ஆகவே ஓட்டம் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைந்துவிடும். 20 சதவீதம் கிளிசரால் இருந்தால் இன்னும் பாதியாகக் குறையும் என்று எதிர்பாருங்கள். கிளிசராலைக் கடைசியில், குறுக்கி முடித்த பிறகு சேர்க்க முடிந்தால் அப்படிச் செய்யுங்கள்.

எல்யூஷன்ல 250 மில்லிமோலார் இமிடசோல் இருக்கு. 15 மில்லியை 1.5 மில்லியா குறுக்கிட்டேன், இமிடசோல் போயிடுச்சுதானே?

போகவில்லை, இன்னும் 250-தான் இருக்கிறது. இமிடசோலின் எடை 68 டால்டன். சவ்வின் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போகும். மொத்த அளவு குறைந்திருக்கிறது, செறிவு அப்படியே. இனிமேல்தான் வேலை: புதிய பஃபர் ஊற்றி 15 மில்லி ஆக்கினால் 25 மில்லிமோலார். திரும்பக் குறுக்கி ஊற்றினால் 2.5. இன்னொரு முறை செய்தால் 0.25. மூன்று சுற்றில் ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு முறையும் 0.5 மில்லி வரை குறுக்கினால் இரண்டே சுற்றில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வரலாம், ஆனால் புரதம் அவ்வளவு அடர்த்தியைத் தாங்குமா என்று தெரிந்திருக்க வேண்டும்.

தாங்காது என்றால் டயாலிசிஸ் செய்யுங்கள். 10 மில்லியை ஒரு லிட்டர் பஃபரில் வைத்து, இரவு ஒருமுறை மாற்றினால் பத்தாயிரம் மடங்கு நீர்த்துவிடும். மெதுவானது, ஆனால் சாதுவானது. ரோலாகக் கிடக்கும் பழைய டயாலிசிஸ் டியூபிங் பெரும்பாலும் 12 முதல் 14 கிலோடால்டன் வகை. சிறிய புரதக்காரர்கள் அதில் கை வைக்க வேண்டாம், 3.5 வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எம்.பி.பி. டேக்கை வெட்டிட்டேன். டேக் 42, என் புரதம் 15. நடுவுல 30கே சவ்வு போட்டா அழகா பிரிஞ்சிடுமே?

எம்.பி.பி. என்பது சுத்திகரிப்புக்காகப் புரதத்தோடு ஒட்டவைக்கும் துணைப் புரதம், அதுதான் டேக். உங்கள் யோசனை காகிதத்தில் பிரியும். உருண்டையான புரதத்தின் விட்டம் எடையின் கனமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. 42-க்கும் 15-க்கும் எடையில் 2.8 மடங்கு வித்தியாசம், விட்டத்தில் 1.4 மடங்குதான். நான்காவது கேள்வியில் சொன்ன மங்கலான கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கட்டும் புரதப் படலம் தானே இரண்டாவது சவ்வாக மாறி உங்கள் 15-ஐயும் தடுக்கும். எடையில் பத்து மடங்காவது வேறுபாடு இருந்தால்தான் சவ்வை வைத்துப் பிரிக்க நினைக்கலாம். இதற்கு அமைலோஸ் காலமோ ஜெல் ஃபில்ட்ரேஷனோதான் சரியான வழி.

மெம்பிரேன் புரதம் பண்றேன். டிடர்ஜென்ட் இருந்தா கட்-ஆஃப் கணக்கு மாறுமா?

நிறையவே மாறும். டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் மைசெல்களாகத் திரளும், அந்த மைசெல்களுக்கும் எடை உண்டு. டி.டி.எம். என்ற டிடர்ஜென்டின் மைசெல் ஏறக்குறைய 70 கிலோடால்டன், ட்ரைட்டான் எக்ஸ்-100 சுமார் 90, ஆக்டில் குளுக்கோசைடு சுமார் 25, சாப்ஸ் 6 மட்டுமே. 30கே சவ்வில் டி.டி.எம். கரைசலைக் குறுக்கினால் புரதத்தோடு வெறும் மைசெல்களும் குறுகும். 0.03 சதவீதத்தில் தொடங்கியவருக்குக் கடைசியில் எவ்வளவு டிடர்ஜென்ட் இருக்கிறது என்றே தெரியாது. கிரிஸ்டல் வராத காரணத்தை வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

40 கிலோடால்டன் புரதம் டி.டி.எம்.-ஐப் போர்த்திக்கொண்டால் மொத்தம் 100-ஐத் தாண்டும். ஆகவே பலர் 100கே எடுக்கிறார்கள். வெறும் மைசெல்களில் ஒரு பகுதி வெளியேறும், புரதம் பெரும்பாலும் நிற்கும். கசிவு இருக்கிறதா என்று வடிந்ததை ஜெல்லில் பார்த்தே ஆக வேண்டும். டிடர்ஜென்டையே நீக்குவது நோக்கம் என்றால், ஆக்டில் குளுக்கோசைடு டயாலிசிஸில் போகும். டி.டி.எம். லேசில் போகாது, அதற்கு டிடர்ஜென்டை உறிஞ்சும் பயோபீட்ஸ் மணிகள்தான்.

8 மோலார் யூரியா, டி.எம்.எஸ்.ஓ. எல்லாம் சவ்வைக் கெடுக்குமா?

யூரியாவையும் 6 மோலார் குவானிடினையும் பி.இ.எஸ்.-ஸும் மறுஉருவாக்க செல்லுலோஸும் தாங்கும். பாகுத்தன்மையால் ஓட்டம் மந்தமாகும், அவ்வளவுதான். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் வேறு கதை. சுத்த டி.எம்.எஸ்.ஓ.-வில் கரைத்த மருந்தை பி.இ.எஸ்., பி.வி.டி.எஃப்., செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டர்களில் விடாதீர்கள், சவ்வு கரையும். அதற்கு பி.டி.எஃப்.இ. எடுங்கள். புரதக் கரைசலில் ஒன்றிரண்டு சதவீதம் கலந்திருந்தால் கவலையில்லை.

என் புரதம் செல்லுலேஸ். நீங்க சொன்ன மாதிரி செல்லுலோஸ் சவ்வுல போட்டேன், முதல்ல நல்லா இருந்துது, அப்புறம் எல்லாம் கீழ வந்துடுச்சு.

உங்கள் நொதி தன் வேலையைச் செய்திருக்கிறது. சவ்வே அதற்குச் சாப்பாடு. செல்லுலேஸ், அது கலந்த பூஞ்சை வடிநீர் எதையும் செல்லுலோஸ் சவ்விலோ டயாலிசிஸ் டியூபிங்கிலோ போடக்கூடாது. பி.இ.எஸ்.-ஸுக்கு மாறுங்கள். கேள்வி 7-இல் நான் செல்லுலோஸைப் புகழ்ந்ததற்கு இது ஒரு விலக்கு.

ஒரு குழாய் இவ்வளவு விலை. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா?

ஒருமுறை பயன்பாட்டுக்கு என்றுதான் விற்கிறார்கள். ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வகங்களில் எல்லோரும் கழுவுகிறார்கள் என்பதும் உண்மை. கழுவுவதானால் அதே புரதத்துக்கு மட்டும், குழாயில் பெயர் எழுதி. பயன்படுத்திய உடனே தண்ணீரில் அலசி, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிச் சுற்றி, நிறையத் தண்ணீரில் கழுவி, 20 சதவீதம் எத்தனாலில் நனைந்தபடி 4 டிகிரியில் வையுங்கள். அடுத்த முறைக்கு முன் வெறும் பஃபரை ஊற்றி நேரம் பாருங்கள். புதியதைவிட வேகமாக இறங்கினால் கிழிந்திருக்கிறது. மிக மெதுவாக இறங்கினால் அடைத்திருக்கிறது. கிரிஸ்டலுக்கோ செல் பரிசோதனைக்கோ போகும் கடைசித் தொகுதிக்குப் புதியதை எடுங்கள், அங்கே சிக்கனம் வேண்டாம்.

0.22-ல விட்டுட்டேன், ஸ்டெரைல் ஆயிடுச்சு. எண்டோடாக்சினும் போயிருக்கும்ல?

போயிருக்காது. ஈ. கோலியின் உடல் நின்றுவிடும், அதன் வெளிச்சுவரிலிருந்து உதிர்ந்த எண்டோடாக்சின் புரதத்தோடு சேர்ந்து துளை வழியே வந்துவிடும். தனி மூலக்கூறாக அது 10 முதல் 20 கிலோடால்டன். தண்ணீரில் திரண்டால் ஆயிரம் கிலோடால்டன் வரைகூடப் போகும். அல்ட்ராஃபில்ட்ரேஷனிலும் உங்கள் புரதத்தோடு அது மேலேயே தங்கும் வாய்ப்பே அதிகம். பாலிமிக்ஸின் ரெசின், ட்ரைட்டான் எக்ஸ்-114 பிரிப்பு, அயனிப் பரிமாற்றக் காலம் என்று வேறு வழிகளைப் பாருங்கள். முடிவை எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனைதான் சொல்ல வேண்டும்.

என்கிட்ட ஒரு லிட்டர் கல்ச்சர் மீடியம் இருக்கு. 15 மில்லிக் குழாய்ல எத்தனை முறை ஊத்துறது?

ஊற்றாதீர்கள், ஆயுள் போதாது. 200, 400 மில்லிக்குக் கிளறும் செல் இருக்கிறது: மேலே நைட்ரஜன் அழுத்தம், உள்ளே காந்தக் கிளறி, கீழே வட்டச் சவ்வு. கிளறி ஓடுவதால் படலம் கட்டுவது குறையும். சவ்வின் பளபளப்பான பக்கம் கரைசலைப் பார்க்க வேண்டும். வைப்பதற்கு முன் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, தண்ணீரை மூன்று முறை மாற்றிக் கிளிசரினைப் போக்குங்கள்.

ஒரு லிட்டருக்கு மேல் அடிக்கடி வருகிறது என்றால் டி.எஃப்.எஃப். எனப்படும் குறுக்கு ஓட்ட முறைக்குப் போவது நல்லது. கரைசல் சவ்வின் மேல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், படலம் நிற்க நேரமிருக்காது. பஃபர் மாற்றமும் அதிலேயே செய்யலாம்: கரைசலின் கன அளவை மாறாமல் வைத்து, அதைப் போல ஐந்து மடங்கு புதிய பஃபரை விட்டால் பழைய உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும். பம்ப் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், நுரை கண்டால் உடனே குறையுங்கள். திரும்பி வரும் குழாயின் நுனி எப்போதும் திரவத்துக்குள் மூழ்கி இருக்கட்டும். டி.எஃப்.எஃப்.-இல் வடிநீர் லிட்டர் கணக்கில் வரும். அதற்கான பெரிய பாட்டிலைத் தொடங்கும் முன்பே கழுவி, பெயர் ஒட்டி, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.